துக்க வீட்டு மின்சாரம்

என்னைச் சாகடித்துவிடலாம் என்று முதலில் சொன்னவன் என் தம்பி சீனிராஜ். கோபத்தில் சொல்லவில்லை. மூன்று சட்டைக்கு மேல் மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு, நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடையில் கொத்தமல்லி வாங்கி வரலாம் என்பதுபோல நிதானமாகச் சொன்னான். அவன் மனைவி அனுசுயா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் அய்யா வேறு பக்கம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு வாய் இல்லை. கடைசியில் சரி என்று நானே சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று விளங்க வேண்டுமானால் அந்தப் பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அருப்புக்கோட்டைப் பக்கம் வெயிலையே அம்மனாக வைத்துக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். எனக்கு வைத்த பெயரே வெயிலுகந்தாள். பொங்கல் முடிந்த வாரம், விடிந்து கதவைத் திறந்தால் தெருவெல்லாம் வெள்ளை. பக்கத்து மில்லிலிருந்து பஞ்சுக் கழிவு பறந்து வந்து கொட்டியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆளுக்கொரு வாரியலோடு வெளியே வந்து மில் முதலாளியின் பரம்பரையையே வைதோம். கூட்டக் கூட்ட அந்தப் பஞ்சு தண்ணீராகி வாரியலில் ஒழுகியபோதுதான் அது பனி என்று தெரிந்தது. துருவத்தில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய காற்று கயிற்றை அறுத்துக்கொண்டு தெற்கே இறங்கிவிட்டதாக டி.வி.யில் ஒருவர் விளக்கினார். இன்னொருவர் அதை மறுத்தார். அவர்கள் சண்டை முடிவதற்குள் டி.வி. அணைந்துவிட்டது.

மின்சாரம் போனால் என்ன, எங்களுக்குப் பழக்கம்தானே என்று முதலில் இருந்தோம். ஆனால் எங்கள் வீடுகளெல்லாம் சூட்டை விரட்டுவதற்கென்றே கட்டப்பட்டவை. காற்று வரட்டும் என்று சுவரின் உச்சியில் விட்ட ஓட்டைகளுக்குக் கதவு கிடையாது. தரையெல்லாம் மொசைக். போர்த்திக்கொள்ள இருப்பது நைந்த பெட்ஷீட். தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது, இட்லி மாவு புளிக்கவில்லை. சிலிண்டர் கனமாகத்தான் இருந்தது, அடுப்பில் மட்டும் தீ நீலப் பொட்டாக நின்றது. குளிரில் கேஸ் மேலே எழும்பாதாம். கரியைக் கொளுத்தலாம் என்றால், ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிட்டு உள்ளே கரி கொளுத்தித் தூங்கிய ஒரு குடும்பத்தைப் பந்தல்குடிப் பக்கம் அன்றைக்குக் காலையில்தான் பிணமாகத் தூக்கினார்கள் என்ற செய்தி வந்துவிட்டது.

பெரியவர்கள் நாங்கள் நடுங்கிக்கொண்டே இருந்துவிடுவோம். வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தது. அனுசுயாவுக்கு மாதம் நிறையும் முன்பே பிறந்த பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்த்து, அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உடம்புச் சூடு குறையவே கூடாது, குறைந்தால் பிள்ளை மூச்சு விட மறந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் ஜாக்கெட் தைக்கிறவள். லைனிங் துணியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சுடச்சுடச் சுற்றுவேன். அது ஆறுவதற்குள் அடுத்ததைத் தேய்த்து மாற்றுவேன். முதல்நாள் காலை முழுக்க இப்படியே ஓடியது. மத்தியானம் மின்சாரம் போனது. பிள்ளையை என் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். என் வயிறே ஜில்லென்று இருந்தது.

சாயங்காலத்துக்குள் பிள்ளையின் உதடு நீலமாகத் தொடங்கியது. நானும் சீனிராஜும் மின்வாரிய அலுவலகத்துக்குச் சறுக்கிச் சறுக்கி நடந்தே போனோம். அங்கே உதவிப் பொறியாளராக இருக்கிற ஆல்வின் எனக்குத் தெரிந்த பையன். பேண்ட் இடுப்பைச் சுருக்க என்னிடம்தான் வருவான். அவனைச் சுற்றி ஊரே நின்று கத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனான்.

“ஒயர் எதுவும் அறுகலக்கா. கரண்ட்டும் இருக்கு. நிகரன்தான் குடுக்க மாட்டேங்குது” என்றான்.

நிகரன் என்பது ஆள் இல்லை. மூன்று வருடங்களுக்கு முந்தைய கோடையில் ஊர் ஊராகச் சனங்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்களே, அதற்குப் பிறகு மாநிலத்தின் மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்க வைத்த கணினி மூளை. மந்திரி சிபாரிசு செல்லாது, பணக்காரத் தெரு ஏழைத் தெரு என்று பார்க்காது, எங்கே வேதனை அதிகமோ அங்கே கொடுக்கும் என்று அப்போது ஊர் ஊராக விழா எடுத்தார்கள். நானும் கை தட்டியவள்தான்.

“வெளிய சூடு ஏற ஏற ஒவ்வொரு வீட்டுக்கும் வேதனைப் புள்ளி ஏறும். சூடு எறங்கினா புள்ளியும் எறங்கும். வெயில் காலத்தை மட்டும் வச்சுத்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. குளிர்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது. இப்ப நம்ம ஊருக்கு மொத்தமா பூஜ்யம். அதோட கணக்குல நாம எல்லாரும் ரொம்ப சொகமா இருக்கோம்.”

சுகமாக இருக்கிறவர்களுக்கு எதற்கு மின்சாரம் என்று எங்கள் பங்கை வேறு எங்கோ அனுப்பிவிட்டதாம். கையால் திருப்பிவிட முடியாதா என்று சீனிராஜ் கேட்டான். அதற்குச் சென்னையில் ஒரு குழு கூடி ஒப்புதல் தர வேண்டும், குழுவில் பாதிப் பேர் ஆளுக்கொரு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றான் ஆல்வின். அவன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவன் வீட்டிலும் இருட்டுதான். இத்தனை படித்தவர்கள் கூடி உட்கார்ந்து மனிதனுக்கு என்னென்ன வேதனை வரும் என்று யோசித்தபோது ஒருவருக்குக்கூடக் குளிர் ஞாபகம் வரவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அவர்கள் யோசித்த அறையில் ஏ.சி. ஓடியிருக்கும்.

திரும்பி வரும்போது எங்கள் தெரு மூலையில் ஒரு வீடு மட்டும் கல்யாண வீடுபோல எரிந்தது. பழைய கம்பவுண்டர் ஒருவர் அன்று காலை இறந்திருந்தார். துக்க வீட்டுக்கு மூன்று நாள் மின்வெட்டு கிடையாது என்பது அந்தக் கோடைக்குப் பிறகு வந்த சட்டம். வெயிலில் பிணம் நாறியதால் ஓட்டுக்காகப் போட்ட சட்டம். செல்போனில் இறப்பைப் பதிந்தால் போதும், நகராட்சி வண்டியில் ஐஸ் பெட்டி தானாக வீட்டுக்கு வரும், அந்த வீட்டு மீட்டரை நிகரன் தொடாது. சீனிராஜ் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். என்ன யோசிக்கிறான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, என்னைச் செத்ததாகப் பதிந்துவிடலாம் என்ற யோசனையைச் சொன்னான். அதில் தப்பில்லை. பிள்ளைக்காக யாரும் அதைத்தான் செய்வார்கள். யாரைச் சாகடிப்பது என்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை, அதுதான் என்னைச் சுட்டது. அய்யா போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்தவர், செத்தால் பென்ஷன் நின்றுவிடும். சீனிராஜ் மில்லில் சூப்பர்வைசர், செத்தவன் விரல் வைத்தால் வருகைப் பதிவு ஏற்காது. அனுசுயாவின் பெயரில்தான் பிள்ளையின் வைத்திய அட்டை இருக்கிறது. என் பெயரில் எதுவும் இல்லை. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஆறே மாதத்தில் திரும்பி வந்தவள். இருபது வருடமாக என் தையலில்தான் அந்த வீட்டின் மளிகைச் சாமான் வந்தது, ஆனால் அது எந்த அரசாங்கக் கணக்கிலும் ஏறாத காசு. நான் செத்தால் யாருக்கும் ஒன்றும் குறையாது. இதை எல்லோரும் யோசித்துக் கண்டுபிடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். யோசிக்கவே தேவைப்படவில்லை.

படம் எடுக்க வேண்டும் என்று செல்போன் கேட்டது. நடுவீட்டில் பாயைப் போட்டுத் தெற்கே தலை வைத்துப் படுத்தேன். அனுசுயா மூக்கில் பஞ்சு வைத்து, நாடிக்கட்டுக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டினாள். கால் பெருவிரல் இரண்டையும் என் லைனிங் துணிக் கிழிசலாலேயே சேர்த்துக் கட்டினாள். கட்டும்போது அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சிக்கு விரல் வைத்தார்கள். எதனால் இறந்தார் என்பதற்கு நான்கு காரணங்கள் காட்டியது: வெப்பம், நோய், விபத்து, முதுமை. எனக்கு நாற்பத்தாறு வயது. நோய் என்று சீனிராஜ் அமுக்கினான். உங்கள் துயரில் பங்கேற்கிறோம் என்று ஒரு குரல் சொல்லி முடிப்பதற்குள் வீட்டில் விளக்கெல்லாம் எரிந்தது. நான் கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன்.

ஐஸ் பெட்டியும் வந்தது. உள்ளே எடை இருந்தால்தான் ஓடும் என்பதால் ஒரு அரிசி மூட்டையையும் அம்மிக்கல்லையும் வைத்து என் சேலையால் மூடினோம். அந்தப் பெட்டி உள்ளே குளிர வைத்து, எடுத்த சூட்டைப் பின்பக்கமாகத் துப்பும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தச் சூட்டில் தொட்டிலைக் கட்டினோம். பிள்ளையின் உதட்டில் சிவப்பு திரும்பியது. அதைப் பார்த்த நிமிடம் எனக்கு எல்லாக் கோபமும் போய்விட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

துக்கம் கேட்கிற சாக்கில் தெருவே வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தது. கைப்பிள்ளைக்காரிகளைப் பின்பக்கம் உட்கார வைத்தோம். என் சாவுக்கு வந்தவர்களுக்கு நானே சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் ஒரு பெரியவர், நல்ல பிள்ளை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்று என்னைப் பற்றி என் எதிரிலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள் எங்கள் தெருவில் வீட்டுக்கொரு சாவு. செல்போனில் எதை எதை அமுக்க வேண்டும் என்று சீனிராஜ் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தான். நல்ல காரியம் செய்கிறோம் என்ற தெம்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். நான் வாசலில் நின்று, யார் வீட்டில் யார் செத்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் கல்யாணமாகாத மகள். ஒரு வீட்டில் விதவைச் சித்தி. ஒரு வீட்டில் வேலைக்குப் போகாத மனைவி. வேலை வெட்டி இல்லாமல் டீக்கடையே கதியென்று கிடக்கிற மகன் ஒருவன் இருக்கிறான், அவனை விட்டுவிட்டுப் பன்னிரண்டாவது படிக்கிற தங்கச்சியைச் சாகடித்தார்கள். ஆம்பிளைப் பிள்ளையைச் செத்தவன் என்று எழுதினால் நல்லா இருக்காது என்றார்களாம். பொம்பளைப் பிள்ளையை எழுதினால் நல்லா இருக்குமா என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு ராமலட்சுமி அக்காவையும் அவள் மகன் முனீஸ் பதிந்துவிட்டான். அவள் தறிக்கு நூல் சுற்றுகிறவள். பஞ்சுத் தூசி குடித்துக் குடித்து நெஞ்சில் இழுப்பு. பெரியமனுஷி என்றாலும் என்னோடு சரிக்குச் சரி வம்பு பேசுவாள். பதிந்து முடித்ததும் என்னைத் தேடி வந்து, சேர்ந்தே போயிட்டோம்டி, மேல போயாவது ஒண்ணா ஒரு கடை போடுவோம் என்றாள். மூன்று நாள் முடியப் போகிறதே, மின்சாரம் நின்றுவிடுமே என்று நான் கவலைப்பட்டேன். வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டும் என்று அமுக்கினால் நாளைக் கூட்டித் தரும் என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். அப்படி எனக்குச் சிங்கப்பூரில் ஒரு மகன் பிறந்தான்.

அடுத்த நாள் மத்தியானம் காற்று ஊளையிட்டது. ராமலட்சுமி அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. இழுப்புக்கு அடிக்கிற மருந்துப் பம்பை வாயில் வைத்து அழுத்தியும் கேட்கவில்லை. முனீஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். நோயாளியின் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினான். ஒரு நொடி கழித்து அந்தக் குரல் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்தது. இவர் காலமானதாகப் பதிவாகியிருக்கிறது, இறுதிப் பயணத்துக்கு அமரர் ஊர்தி புறப்பட்டுவிட்டது என்றது. ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் இருக்கிற அதே பதிவுதான் ஆம்புலன்ஸுக்கும் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவே இல்லை. வேறொரு முகத்தைக் காட்டினால், மூச்சும் நாடியும் சரியாக இருக்கிறதே என்றது. செத்ததாக எழுதுவதற்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. திரும்ப உயிரோடு எழுத வேண்டுமென்றால் நேரில் தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டுமாம். அது பூட்டிக் கிடந்தது.

முனீஸ் போனைச் சுவரில் எறிந்தான். தெருவில் ஒரு ஆட்டோவும் கிளம்பவில்லை. தள்ளிக்கூடப் பார்த்தோம். அந்த நேரத்தில் சொன்ன சொல் தவறாமல் வந்து நின்றது அமரர் ஊர்தி.

ஓட்டி வந்தவர், பிணத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். நானும் முனீஸும் ராமலட்சுமி அக்காவைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டி வந்தோம். அந்த மனுஷர் முதலில் வெலவெலத்துப் போனார். பிறகு பின்கதவைத் திறந்தார். அவள் படுத்தால் மூச்சு முட்டும், அதனால் பிணம் வைக்கிற பலகையில் அவளை உட்கார வைத்து நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன். காலடியில் யாருக்கோ போட்ட செவ்வந்தி மாலையின் மிச்சம் கிடந்தது. வண்டி ஊர்ந்துதான் போக முடிந்தது. அந்த வண்டிக்குச் சைரன் கிடையாது, செத்தவர்களுக்கு என்ன அவசரம்? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பேச வராமல், கண்ணாலேயே என்னென்னவோ கேட்டாள்.

ஆஸ்பத்திரியின் முன்வாசல் தடுப்பு இந்த வண்டிக்குத் தூக்கவில்லை. பின்வாசலில் பிணவறைக்குப் போகிற தடுப்புதான் தூக்கியது. அங்கிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு சுற்றி ஓடினோம். உள்ளே இருந்த டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பார்த்தவுடன் ஆக்ஸிஜன் வைத்தார், செய்ய வேண்டிய எல்லாம் செய்தார். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ராமலட்சுமி அக்கா செத்துப்போனாள்.

அந்தச் சாவைப் பதிய முடியவில்லை. இவர் ஏற்கெனவே காலமாகிவிட்டார் என்று திரும்பத் திரும்ப அதே குரல். அதே வண்டியில் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அங்கே அவள் பெயரில் வந்த ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே இருந்த அரிசி மூட்டையை வெளியே எடுத்துவிட்டு அவளை வைத்தோம். முனீஸ் பெட்டியின் கண்ணாடியில் தலையை முட்டி முட்டி அழுதான். சீனிராஜ் அவனைத் தேற்றப் போனான். கிட்டே வராதே என்று நான் கத்தினேன். அவனிடம் நான் அப்படிக் கத்தியதே கிடையாது. பார்த்தவர்கள் எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

வாரக் கடைசியில் வெயில் திரும்பியது. குழுவும் கூடியதாம். மின்சாரமும் வந்தது. கூரையிலிருந்து பனி உருகி ஊற்றியபோது, மாநிலத்தில் குளிரால் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று அரசாங்கம் பெருமையாக அறிவித்தது. பொய் இல்லை. நான்கு காரணங்களில் குளிர் இல்லையே. ராமலட்சுமி அக்கா, மகன் அமுக்கியபடி, சாவதற்கு முந்தின நாளே முதுமையால் செத்தவள்.

பொய்யாகச் செத்தவர்களைத் திரும்ப உயிரோடு எழுதுவதற்கு ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை, மன்னித்துவிட்டோம் என்று மைக்கில் சொன்னார்கள். யார் யாரை மன்னிப்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர்கள் இடது பக்கம், சாட்சிக்கு வந்த குடும்பத் தலைவர்கள் வலது பக்கம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வலது பக்கமெல்லாம் சட்டை, இடது பக்கமெல்லாம் சேலையும் சுடிதாரும். பொம்பளைகளையே சாகடியுங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால், மின்வாரியத்தின் சார்பில், ஆல்வின் இருந்தான். முதலில் நல்ல சேதி சொன்னான். நிகரன் இப்போது குளிரையும் கற்றுக்கொண்டுவிட்டது, இனிமேல் குளிர் ஏறினாலும் புள்ளி ஏறும் என்றான். சீனிராஜ் நிம்மதியாக மூச்சு விட்டான். நல்ல சேதி சொல்கிறவன் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன்.

ஆல்வின் குரலைத் தணித்துக்கொண்டான். “முன்னாடி அது ஆளுக்கு ஆள் வித்தியாசம் பாக்காதுக்கா. வீட்டுல அஞ்சு பேர்னா அஞ்சு பேரும் ஒண்ணுதான். இந்தப் பனிப்புயல்ல ஆயிரக்கணக்கான வீட்டுல யாரை விட்டுக்குடுத்தாங்கன்னு பாத்திருக்கு. யாரு போனா வீடு தாங்கும்னு அதுவா கத்துக்கிருச்சு. யாரும் சொல்லிக் குடுக்கல.”

“அதெல்லாம் பொய்ச் சாவு சார்” என்றான் சீனிராஜ்.

“செத்தது பொய்னு அதுக்கு இப்பத் தெரியும். யாரைச் சொன்னீங்கங்கறது பொய் இல்லையே.”

திரையை என் பக்கம் திருப்பினான். சீனிராஜுக்கு முப்பது புள்ளி. அய்யாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி. மருந்து வைப்பார்கள் என்பதால் ஃப்ரிட்ஜுக்கு நாலு. எனக்கு இரண்டு. மின்சாரத்துக்கு மட்டுமில்லை, ஆம்புலன்ஸ் யாருக்கு முதலில் போக வேண்டும் என்பதற்கும் இனி இந்தப் புள்ளிதான் என்றான். மாற்ற முடியாதா என்று கேட்டேன். மேலே எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னான்.

“அது பாத்துக் கத்துக்கிட்டதுக்கா. வேற மாதிரி பாத்தாத்தான் வேற மாதிரி கத்துக்கும்.”

“எப்பப் பாக்கும்?”

“அடுத்த புயல்ல.”

சீனிராஜ் என் தோளைத் தொட்டு, அதே நிதானமான குரலில், வெறும் நம்பர்தானக்கா, மிஷின் ஏதோ உளறுது, இதையெல்லாம் மனசுல வச்சுக்காத என்றான். திரையில் என் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. பெயர் இல்லாத வரி. அது யார் என்று கேட்டேன். ஆல்வின் திரையைத் திருப்பப் பார்த்தான். நான் கையை வைத்துத் தடுத்தேன்.

பெண் குழந்தை, ஒரு புள்ளி.

சீனிராஜ் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. “எம்பிள்ளை சார் அது. பச்ச மண்ணு. அதுக்குப் போயி ஒண்ணா? யாரைக் கேட்டுப் போட்டீங்க? மாத்துங்க சார், இப்பவே மாத்துங்க.” மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்து, கண் கலங்கி, மேசையைக் குத்திக்கொண்டு நின்றான். அந்தக் குளிர் நாளில் நாடிக்கட்டோடு பாயில் படுத்துக் கிடந்தபோது, எனக்காக அந்த வீட்டில் ஒருவராவது இப்படி ஒரு சத்தம் போட மாட்டார்களா என்றுதான் நான் காத்துக் கிடந்தேன்.

“சீனி” என்றேன். “நானும் ஒருத்தருக்குப் பிள்ளைதான்டா.”

அவன் என்னைப் பார்த்தான். விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினான். ஆல்வின் விரல் வைக்கிற கருவியை மெதுவாக அவன் பக்கம் நகர்த்தி, சாட்சி ரேகை வேண்டும் என்றான். சீனிராஜ் கையை நீட்டினான். கண்ணைத் துடைத்த ஈரத்தில் ரேகை பதியவில்லை. திரும்ப வைக்கச் சொன்னது.